அங்கேயும் இதைத்தான் சொன்னார்கள்

உலகத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக எல்லாச் சீதோஷ்ணத்திலும் தழைத்து வாழக்கூடிய ஓர் இனத்தை இன்று அறிமுகப்படுத்தியாக வேண்டும். பயப்பட வேண்டாம், இது கடிக்காது. ஒப்பிடும், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தலைவலி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மனிதர் ஒரு மாத்திரை கொடுப்பார், அல்லது தனக்கு அதைவிடப் பெரிய தலைவலி என்று சொல்லி உங்கள் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வார். இந்த இனத்தைச் சேர்ந்தவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வலியைப் பற்றிக் கிரேக்கத்தில் என்ன சொன்னார்கள், சீனத்தில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள், நம்மவர்கள் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எப்படிக் கைகழுவினார்கள் என்று உங்களைப் பாதி உலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கடைசியில் தோளில் தட்டி, "பாத்தீங்களா? அங்கேயும் இதைத்தான் சொல்லியிருக்கான்" என்று முடிப்பார். எதைச் சொல்லியிருக்கிறான்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மறுபடியும் கிரேக்கத்திலிருந்து ஆரம்பமாகும்.

நிஜமான அறிஞர்களோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அறிஞர் இரண்டு தேசத்துத் தத்துவங்களை எடுத்துக்கொண்டால் அவை எந்த இடத்தில் பிரிகின்றன என்று பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொள்வார். நம் ஆசாமிக்குப் பத்து நிமிடம் போதும். எந்தப் புத்தகத்திலும் முன்னுரையைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பதால் நேரம் மிச்சம். முடிவும் முன்கூட்டியே தயார்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் கடைத்தெருவின் கோடியில், பூட்டுக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். தெருவில் அவருக்கு 'அங்கேயும்' என்று பெயர். "அங்கேயும் வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். "அங்கேயும் இப்பதான் சாப்பிடப் போனார்" என்று பதில் வரும். அவரிடம் கண்ணைக் காட்டப் போனவர்கள் பலர் உண்டு. கண்ணாடியோடு திரும்பியவர்கள் குறைவு. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வந்த தையல்காரரிடம், "ஊசி இருக்கா, இல்ல இருக்கிற மாதிரி தெரியுதா? அதுல இருந்து ஆரம்பிப்போம்" என்று ஆரம்பித்தார். ஒன்றே கால் மணி நேரம் கழித்துத் தையல்காரர் ஊசியின் மேல் நம்பிக்கை இழந்து வீட்டுக்குப் போனார். அது முதல் தடவை. இன்னும் இரண்டு தடவை வந்தார். நூல் இருக்கிறதா என்பதும் சந்தேகமாகிப் போனதுதான் மிச்சம்.

ஒருமுறை கடையில் குப்பைக் கூடை தீப்பிடித்துக்கொண்டது. நெருப்பைப் பற்றி நான்கு மரபுகள் என்ன சொல்கின்றன என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே, பிரேம் பொருத்தும் பெண் வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டாள். தண்ணீரைப் பற்றிச் சொல்ல வாய்ப்பில்லாமல் போனதில் அவருக்கு ஒரு வாரம் மனத்தாங்கல். இன்னொரு முறை எதிர்க் கட்டடத்து லிப்டில் ஐந்து பேரோடு நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். பேசுபொருள் விடுதலை. கதவைத் திறந்ததும் ஐந்து பேரும் திரும்பிப் பாராமல் படியில் ஓடினார்கள். அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் அவரைக் கண்டால் லிப்டை விட்டு இறங்கி நடக்கிறார்கள். எல்லாருக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று கேள்வி.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? தொழிலிலிருந்துதான் என்று அவர் மனைவி உறுதியாக நம்பினாள். கண் பரிசோதனை என்பது என்ன? இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, ஒரு லென்சைப் போட்டு "இது நல்லா தெரியுதா?" என்று கேட்பது, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு "இல்ல, இது நல்லா தெரியுதா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பது. வந்தவர் "ஒண்ணு" என்பார், "ரெண்டு" என்பார், குழம்புவார், மறுபடியும் காட்டச் சொல்வார். எப்போது "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்கிறாரோ அப்போது சோதனை முடிந்தது. சீட்டில் நம்பரை எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடலாம். இருபது வருடமாகக் காலையிலிருந்து மாலைவரை அந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருக்கும் மனிதர், உலகத்துத் தத்துவங்களை எல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து அதையே சொல்ல வைத்ததில் என்ன ஆச்சரியம்?

இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். நீள நோட்டு, தடித்த அட்டை, பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள். முதலாவது கிரேக்கம். இரண்டாவது சீனம். மூன்றாவது நம்மவர். நான்காவது மற்றோர், உலகத்தின் மீதிப் பேர் அத்தனை பேரும் ஒன்றரை அங்குல அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். ஐந்தாவது கட்டத்துக்கு 'என் கருத்து' என்று தலைப்பு. நான்கு கட்டமும் நிரம்பாமல் ஐந்தாவதில் கை வைக்கக் கூடாது என்பது அவர் விதி. மற்றோரில் யாராவது ஒருவர் எப்போதும் பாக்கி இருந்ததால் பதினெட்டு வருடமாக அந்தக் கட்டம் காலி. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் குழாய் ரிப்பேர்காரரின் போன் நம்பர் இருந்தது.

அவர் மனைவி வேறு ரகம். போக்குவரத்துக் கம்பெனியில் பஸ்களுக்குக் கால அட்டவணை போடும் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பது அவள் பென்சில் முனையில் இருந்தது. நாலு பத்து என்றால் நாலு பத்து. அதைப் பற்றிச் சீனர்கள் என்ன நினைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளும் சின்ன வயதில் "அப்பா, நீலச் சட்டையா சிவப்புச் சட்டையா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் நேரமாகி, வீட்டில் போடும் பழைய கவுனோடு பள்ளிக்கூடம் போய் வந்தவள்தான். அதன் பிறகு அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது.

அந்த ஏற்பாட்டை மீறி ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"என்னங்க, எனக்கு ஆர்டர் வந்திருக்கு. பத்து மணி நேரத் தொலைவுல புது டிப்போ. அட்டவணைப் பிரிவுக்கே தலைமை. ரெண்டு வருஷம். சனிக்கிழமை காலைல அந்த நாற்காலியில உட்காரணும், இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அவர் முகம் மலர்ந்தது. நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

"அப்படின்னா பிரிவைப் பத்திக் கேட்கறே."

"பிரிவைப் பத்திக் கேட்கலைங்க. என்னைப் பத்திக் கேட்கறேன். போகட்டுமா, இருக்கட்டுமா?"

"நல்ல கேள்வி" என்றார் அவர். "இதை அவசரப்பட்டுப் பேசக் கூடாது."

அவளுக்கு அனுமதி தேவையில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போ என்று அவர் சொன்னால் சந்தோஷமாகப் போவாள். போகாதே என்று சொன்னால் இன்னும் சந்தோஷமாக இருந்துவிடுவாள். அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆனால் அதுதான் உண்மை. இருபத்தோரு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து 'எனக்கு' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. எனக்குப் பசிக்கிறது என்பதைக்கூடப் பசியைப் பற்றிய நான்கு பார்வைகளாகத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. பேராசைதான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் கிரேக்கம் வந்தது. "வர்றது வந்தே தீரும், மனசை ஆடாம வச்சுக்கோன்னு ஒரு கூட்டம் சொல்லுச்சு. எதையும் சந்தேகப்படுன்னு இன்னொரு கூட்டம் சொல்லுச்சு."

"ரெண்டும் வேற வேறயா இருக்கே?"

"எப்படி வேற? சந்தேகப்படறதுன்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் மனசு ஆடாது பாரு."

புதன்கிழமை சீனம். தண்ணீர் மாதிரி போக வேண்டும் என்று ஒரு கட்சி. உறவுமுறைக்குரிய கடமையை வரம்பு தாண்டாமல் செய்ய வேண்டும் என்று எதிர்க்கட்சி. "தண்ணியும் கரை தாண்டாமத்தானே ஓடுது?" என்று இரண்டு கட்சிக்கும் ஒரே நிமிடத்தில் சமரசம் செய்துவைத்தார். வியாழக்கிழமை நம்மவர். அங்கே சிக்கல் பெரிது. "எல்லாம் ஒண்ணுங்கறான் ஒருத்தன். இல்லவே இல்ல, எல்லாம் வேற வேறங்கறான் இன்னொருத்தன்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு பேரும் எவ்வளவு உறுதியாச் சொல்றான் பாரு. அங்கதான் ஒத்துமை."

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். "நாளைக்கு நாலு பத்து பஸ். பெட்டி கட்டியாச்சு. எனக்கு அதை அவிழ்க்கவும் தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

"மற்றோர் கட்டம் பாக்கி இருக்கும்மா. பனிப் பிரதேசத்து ஜனங்க பிரிவைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு ஒரு புத்தகம். லைப்ரரியில யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. சனிக்கிழமை வந்துடுமாம்."

சனிக்கிழமை! உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும் யாரோ ஒருவர் அனுமதி தரும்வரைக்கும் இந்த வீட்டில் ஒரு மனிதர் தன் பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல மாட்டார் என்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அவள் பெட்டியோடு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். தையல்காரர் நான்காவது தடவையாகக் கண்ணாடி வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பரிசோதனை அறைக்குள் போய், "எழுந்திருங்க. நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினாள். லென்சுப் பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து அதில் செருகினாள்.

"இது நான் இருக்கிற வீடு."

அதை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினாள்.

"இது நான் இல்லாத வீடு. எது நல்லா தெரியுது? ஒண்ணா, ரெண்டா?"

பிரேம் பொருத்தும் பெண் வாசலில் வந்து நின்றாள். தையல்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை காட்டு" என்றார் அவர்.

காட்டினாள். ஒன்று. இரண்டு. அவர் உதடு அசைந்தது. ஏதோ வருகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கணத்தில், இருபது வருடம் அந்த அறையில் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்த வாக்கியம், நாக்கின் நுனியில் தயாராக நின்ற வாக்கியம், வேறெதற்கும் வழிவிடாமல் முந்திக்கொண்டு வெளியே வந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"சோதனை முடிஞ்சது" என்றாள் அவள். லென்சுகள் இரண்டையும் சட்டத்தில் செருகிவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாலு பத்துக்கு நாலு பத்து பஸ் கிளம்பியது. அவள் போட்ட அட்டவணையாயிற்றே.

கடையில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாவம், தையல்காரருக்காவது ஒரு வழி செய்வோம் என்று பிரேம் பொருத்தும் பெண் கடையில் தயாராக இருந்த கண்ணாடிகளில் அவர் கண்ணுக்குப் பொருந்தும் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். கிட்டப் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொடி எழுத்து அட்டை ஒன்று உண்டு. அந்த அட்டையைக் காணோம். தேடினால், அவர் அதை நோட்டில் பக்க அடையாளமாக வைத்திருந்தார். அட்டையை எதற்கு உருவ வேண்டும், நோட்டிலேயே பொடி எழுத்துத்தானே என்று திறந்த பக்கத்தைத் தையல்காரர் முன்னால் நீட்டினாள்.

தையல்காரர் படித்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு எழுத்து தெரிந்த சந்தோஷத்தில் உரக்கவே படித்தார். கிரேக்கம் தெரிந்தது. சீனம் தெரிந்தது. நம்மவர் தெரிந்தது. மற்றோர் காலி. ஐந்தாவது கட்டத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி, பென்சிலில் ஏதோ இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"'போகாதே. எனக்குப் பயமா இருக்கு.' அப்படின்னு போட்டிருக்கு. தேதி திங்கட்கிழமை."

எண்ணிப் பாருங்கள். கேள்வி கேட்ட அன்றைக்கே, கிரேக்கத்துக்குப் போவதற்கு முன்பே, தன் விதியைத் தானே மீறிப் பதிலை எழுதிவிட்டார். எழுதியதைச் சொல்வதற்குத்தான் மற்ற நான்கு கட்டங்களின் சம்மதம் தேவைப்பட்டிருக்கிறது.

"சார், போன் பண்ணுங்க" என்றாள் பிரேம் பொருத்தும் பெண்.

அவர் போனை எடுத்தார். அடுத்த முனையில் "சொல்லுங்க" என்றாள் மனைவி. பஸ்ஸின் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... பிரிவுங்கறதைப் பத்திக் கிரேக்கத்துல..."

தையல்காரர் பொறுமைசாலி. மூன்று தடவை கண்ணாடி இல்லாமல் திரும்பிப் போனவர். ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? போனைப் பிடுங்கி, நோட்டைப் பார்த்து, "அம்மா, 'போகாதே, எனக்குப் பயமா இருக்கு'ன்னு உங்க வீட்டுக்காரர் திங்கட்கிழமையே எழுதி வச்சிருக்காரு. அவரு கையெழுத்துத்தான். நானே கண்ணால பார்க்கிறேன்" என்றார்.

பிறகு அவள் பேசினாள். அவள் குரலில் ஓர் இளக்கம் இருந்தது. தையல்காரரே அதைக் கவனித்தார்.

"நாலு முப்பத்தெட்டுக்கு மேம்பாலத்தடியில பஸ் நிக்கும். ரெண்டு நிமிஷம். வந்து அவரு வாயால சொல்லச் சொல்லுங்க. நான் இறங்கிடறேன்."

கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. கடையிலிருந்து மேம்பாலத்துக்கு வேகமாக நடந்தால் பத்து நிமிடம். அவர் ஓடினார். மூக்கில் இரும்புச் சட்டத்தோடு, இரண்டு லென்சோடு, எதிரில் வந்தவர்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய, பூட்டுக் கடையைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டி ஓடினார். பிரேம் பொருத்தும் பெண் கைதட்டினாள். தையல்காரர் தன் புதுக் கண்ணாடியால் அந்தக் காட்சியை ஆசைதீரப் பார்த்தார்.

தெருமுனைக்கு அப்பால் அவர் நின்றார். ஏன் என்று அவள் கேட்டால்? கேட்பாளே. காரணம் சொல்ல வேண்டாமா? திரும்பினார். கடைக்குள் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினார்.

மேம்பாலத்தடியில் பஸ் நின்றது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்குவதற்காகவே படிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். நாலு முப்பத்தொன்பது. தூரத்தில் அவர் வருவது தெரிந்தது. தலை கலைந்து, சட்டை வெளியே வந்து, இருபத்தோரு வருடத்தில் அவள் பார்த்திராத வேகத்தில் ஓடி வந்தார். அவள் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருங்களா? ஒரு நிமிஷம் கூட நிறுத்தட்டுமா மேடம்?" என்று கேட்டார்.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். அவர் கையில் நோட்டு இருந்தது. ஓடிக்கொண்டே, விரலால் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார்.

அவள் காலை மேலே எடுத்துக்கொண்டாள்.

"நாலு நாப்பது ஆச்சு. எடுங்க" என்றாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீங்கள் கிரேக்கம் பக்கமே போகாதவர் என்பதும் தெரியும். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. படித்துக்கொண்டு வரும்போதே, இதே மாதிரி என் மைத்துனர் ஒருவர் இருக்கிறார் என்றோ, எங்கள் ஆபீசிலும் இப்படி ஓர் ஆள் உண்டு என்றோ, அச்சாக இதையே வேறு எங்கோ படித்திருக்கிறேனே என்றோ உங்களுக்குத் தோன்றியதா? எங்கேயும் இப்படித்தான் என்று ஒரு தடவையாவது தலையை ஆட்டினீர்களா?

அப்படியானால் உங்களுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. கட்டம் போடாத நோட்டாக இருக்கலாம். உங்கள் வீட்டிலும் யாரோ, இந்த வாரத்தில் எப்போதோ, உங்களிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பெட்டி கட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போங்கள்.